விமானமில்லாத கப்பலும் இரு யந்திர விமானமும்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனில் தொடங்கிக் கல்லடிப் பாலத்து நிலவில் முடிப்பது மரபாகிவிட்டது. அம்மரபுக்கு நானும் இரண்டொரு முறை கடன் செலுத்தியிருக்கிறேன். இனிச் செலுத்த உத்தேசமில்லை. இன்று சொல்ல வந்தது வாவியைத் தாண்டி, முகத்துவாரத்தையும் தாண்டி, கடலில் ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவில் கிடக்கும் ஒரு கப்பலைப் பற்றியது. அக்கப்பல் மூழ்கி மூன்று ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் பறந்து, பின்பு வேண்டாமென்று கைவிடப்பட்ட ஒரு விமானத்தைப் பற்றியதும் ஆகும். இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். முதலில் கேட்டவன் ஒரு மாணவன்தான். ஆனால் அவன் கேட்ட விதம் வேறு.

வகுப்பில் இரண்டாம் உலகப் போர் பற்றிய பாடம். நமது கரையோரத்திலேயே ஒரு பெரிய போர்க்கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. அது ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வாங்கில் இருந்த பையன் எழுந்தான்.

"சேர், அது பிளேன் ஏத்துற கப்பல் எண்டா, அதுர பிளேன் எல்லாம் எங்க போன?"

எனக்கு உடனே விடை வரவில்லை. "அவை கரையில் இருந்தன" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வகுப்பு முடிந்தும் அந்தக் கேள்வி முடியவில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிவர், நாம் சமாளித்துவிட்ட கேள்விகளே நம்மை நெடுநாள் துரத்துபவை.

ஹெர்மீஸ் சாமானியமான கப்பலன்று. வேறு தேவைக்குக் கட்டிய கப்பலைத் திருத்தி விமானந்தாங்கியாக்குவது வழக்கமாயிருந்த காலத்தில், தொடக்கத்திலிருந்தே விமானந்தாங்கியாக வரையப்பட்ட முதற் கப்பல் அது. 1919இல் நீரில் இறங்கியது. ஆயினும் கட்டி முடிப்பதில் தாமதம் ஏற்பட, ஜப்பானியரின் ஹோஷோ அதனை முந்திக்கொண்டு 1922இல் சேவைக்கு வந்துவிட்டது. அந்த ஜப்பானியக் கடற்படையினருக்கு விமானக் கலையைப் பயிற்றுவிக்க 1921இல் செம்பில் என்பாரின் தலைமையில் சென்ற குழு பிரித்தானியக் குழு என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மாணாக்கர் ஆசானிடம் வந்த நாள் 1942 ஏப்ரில் 9.

அதற்கு நான்கு நாட்களுக்கு முன், ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டிருந்தது. அடுத்த இலக்கு திருகோணமலை என்று அறிந்ததும் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். ஹெர்மீஸும் அதற்குத் துணையாக வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் எட்டாந் தேதி இரவே தெற்கு நோக்கிப் புறப்பட்டன. மறுநாட் காலை, மட்டக்களப்புக்கு நேரே, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், எண்பதுக்கும் மேற்பட்ட ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் அவற்றைக் கண்டுபிடித்தன. பதினொரு மணிக்குச் சற்று முன் ஹெர்மீஸ் மூழ்கிவிட்டது. கப்பற்தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயர் இரண்டாய் முறிந்து தாழ்ந்தது. அப்பகுதியில் சென்றுகொண்டிருந்த ஹொலிஹொக் என்ற சிறு போர்க்கப்பலும், இரு எண்ணெய்க் கப்பல்களும் அதே முற்பகலில் அழிந்தன. தப்பியவர்களுள் ஏறத்தாழ அறுநூறு பேரை 'வீட்டா' என்னும் வைத்தியக் கப்பல் ஏற்றிக்கொண்டது.

விமானங்கள் எங்கே போயின? அவை திருகோணமலைச் சீனன்குடாவில் தரையில் நின்றன. பையனுக்கு நான் சொன்னது பிழையன்று. ஆனால் அரை உண்மை. அவை கப்பலில் இருந்திருந்தாலும் பயனிராது என்பதே மற்ற அரை. ஏனெனில் அவை சோர்ட்ஃபிஷ் என்ற இரட்டைச் சிறகு விமானங்கள்; நீர்மூழ்கிகளைத் தேடவும் டோர்பீடோ எறியவும் வல்லவை; ஆகாயத்தில் எதிரியை எதிர்க்கும் போர் விமானம் அவற்றுள் ஒன்றுமில்லை. கரையிலிருந்து உதவி கேட்டார்கள். இரத்மலானையிலிருந்து ஃபுல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மீஸ் கடலுக்கடியில் இருந்தது.

இந்த ஃபுல்மார்தான் என்னை மேலே படிக்கத் தூண்டியது. பிரித்தானியக் கடற்படைக்கென்றே அமைந்த போர் விமானம் அது. எட்டு இயந்திரத் துப்பாக்கிகள்; நல்ல யந்திரம்; ஆனால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 270 மைல். எதிரே வந்த ஜப்பானியரின் 'சீரோ' 330 மைல் செல்லும். ஏன் இந்த வேறுபாடு? கடல்மேற் பறப்பவனுக்கு வழி காட்ட மலையுமில்லை, கோபுரமுமில்லை. ஆகவே திசையறிய இரண்டாம் ஆள் ஒருவர் வேண்டுமென்று கருதினார்கள். கப்பலுக்குள் அடக்கச் சிறகு மடங்க வேண்டும். தளத்தில் இறங்கும்போது குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்கக் கொக்கி வேண்டும். அந்தத் திடீர் இழுப்பைத் தாங்க உடல் கனக்க வேண்டும். கப்பலில் வாழ்வதற்காக விமானம் கொடுத்த விலை அது. ஜப்பானியர் வேறு கணக்குப் போட்டார்கள்: காப்புக் கவசத்தைத் துறந்து கனத்தைக் குறைத்தார்கள். அதற்கும் விலையுண்டு, பின்னர் கொடுத்தார்கள்.

போர் முடியுமுன் இன்னொரு சிக்கல் வந்தது. 1944இல் ஜெட் விமானங்கள் போர்க்களத்துக்கே வந்துவிட்டன. முன்விசிறி சுழலும் யந்திரத்துக்கு ஒரு வேக எல்லை உண்டு. ஜெட் அதனைத் தாண்டியது. அப்படியானால் கடற்படைகள் ஏன் உடனே ஜெட்டுக்கு மாறவில்லை? இங்கே நான் சற்று நின்று சொல்ல வேண்டும். விஷயத்தின் உயிர் இதிலேதான் இருக்கிறது.

விமானந்தாங்கியின் தளம் என்பது அலைமேல் ஆடும் ஒரு குறுகிய பலகை. விமானி அதன் பின்புறமாக, மிகக் குறைந்த வேகத்தில், ஏறக்குறைய விழும் நிலையிலேயே வருகிறார். தளத்தின் ஓரத்தில் நிற்கும் அலுவலர் கையிலே இரு வண்ணத் தட்டுகளோடு அவருக்குச் சைகை காட்டுகிறார். சரியாக வந்தால் யந்திரத்தை நிறுத்தி இறங்கு என்பது ஒரு சைகை. பிழையென்றால் தட்டுகளைத் தலைக்கு மேலே வீசி, போ, மேலே ஏறிப் போ என்பது மற்றொரு சைகை. அந்தக் கணத்தில் விமானியின் உயிர் யந்திரத்தின் பதிலில் தொங்குகிறது. விசிறி யந்திரம் கட்டளை கேட்ட மாத்திரத்தில் உறுமி எழும். விசிறி தள்ளும் காற்று சிறகின்மேற் பாய்ந்து அதனைத் தூக்கவும் செய்யும். அக்காலத்து ஜெட்டோ அப்படியன்று. அதன் சக்கரம் வேகம் பிடிக்கச் சில விநாடிகள் செல்லும். நிலத்திலே சில விநாடி ஒன்றுமில்லை. தளத்தின் பின்முனையில் அது கடலுக்கும் கப்பலுக்குமிடையே உள்ள வித்தியாசம்.

போதாக்குறைக்கு ஜெட் எண்ணெயைக் குடிக்கும் குடி பெரிது. தாழப் பறக்கும்போது இன்னும் பெரிது. தளம் வெறுமையாகும்வரை கப்பலைச் சுற்றிக் காத்திருப்பது கடல் விமானிக்கு அன்றாட வேலை. ஜெட்டுக்கு அவ்வளவு பொறுமையில்லை.

எனவே இரண்டையும் ஒரே விமானத்தில் வைத்தால் என்ன என்று எண்ணினார்கள்.

இந்த எண்ணத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததென்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு சனிக்கிழமை ஹெர்மீஸ் கிடக்கும் திசையை அந்தப் பையனுக்குக் காட்டவென முகத்துவாரத்துக்குப் போனபோதுதான் சிரிப்பு அடங்கியது. கரையில் ஒரு முதிய மீனவர் எஞ்சின் பூட்டிய படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே பழைய சவள் இரண்டு கிடந்தன. எஞ்சின் இருக்கையில் இந்தப் பாரம் எதற்கென்று கேட்டேன்.

"எஞ்சின் ஓடக்குள்ள இது சும்மாதான் சேர் கிடக்கும். நிண்டாத்தான் இதுட பெறுமதி தெரியும்" என்றார்.

நூற்றாண்டுகளுக்கு முன் நீராவிக் கப்பலைக் கட்டியவர்களும் இப்படித்தான் பாயையும் பாய்மரத்தையும் விடாமல் வைத்திருந்தார்கள். 1860இல் நீரில் இறங்கிய வொரியர் என்ற பிரித்தானிய இரும்புப் போர்க்கப்பல், பாய்விரித்துச் செல்லும்போது தடையாயிராமல் தன் சுழலியை நீரிலிருந்து மேலே தூக்கிக்கொள்ளும் வசதி உடையதாயிருந்தது. நம்புவதற்குப் புதியது, நம்பிக்கை கெட்டால் பழையது.

அமெரிக்கக் கடற்படை 1944 ஏப்ரில் 7ஆந் தேதி கேட்டிஸ் நிறுவனத்திடம் இத்தகைய விமானம் மூன்றுக்குக் கட்டளை கொடுத்தது. எக்ஸ்.எஃப்.15.சி என்பது அதன் பெயர். மட்டக்களப்புக் கடலில் நடந்ததை மனத்திற்கொண்டு இதனைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஊர்ப்பற்று உண்மையை விழுங்கியதாகும். விரைந்தேறவல்ல போர் விமானம் இல்லாத கப்பல் என்னவாகும் என்ற அச்சம் அப்போது எல்லாக் கடற்படைகளுக்கும் பொதுவாயிருந்தது. அந்த அச்சத்துக்கு நமது கரையில் ஒரு சாட்சி கிடக்கிறது; அவ்வளவே.

கேட்டிஸ் என்ற பெயருக்கும் ஒரு பழைய உரிமை உண்டு. 1910 நவம்பரில் யூஜீன் ஈலி என்பவர் ஒரு போர்க்கப்பலில் அமைத்த மரத்தளத்திலிருந்து எழுந்து பறந்தாரே, கப்பலிலிருந்து பறந்த அந்த முதல் விமானம் கேட்டிஸ் விமானம். இரு மாதத்தின் பின், 1911 ஜனவரியில், கப்பலில் முதன்முதல் இறங்கியதும் அதுவே. கடற்பறப்பைத் தொடங்கிவைத்த நிறுவனம் அமெரிக்கக் கடற்படைக்கென்று அமைத்த கடைசிப் போர் விமானம் இந்த எக்ஸ்.எஃப்.15.சி.

அதன் மூக்கில் 2,100 பரிவலுக் கொண்ட விசிறி யந்திரம் ஒன்று. அதற்குப் பின்னால், உடலின் நடுவில், 2,700 இறாத்தல் உந்துவிசை தரும் ஜெட் யந்திரம். சிறகடியிலுள்ள வாய்களால் காற்று உட்புகும்; வாலுக்கு வெகு முன்னே, வயிற்றின் கீழேயே வெந்த காற்று வெளியேறும். ஆகையால் விமானத்தின் பின்பாதி அந்தத் துவாரத்தின் மேலே ஒரு தண்டுபோல் நீண்டு சென்று வாலைத் தாங்கியது. படத்தில் பார்த்தால், கொழுத்த முன்னுடலும் மெலிந்த பின்னுடலுமாக, ஏதோ விருந்துண்டு வந்த தும்பியைப் போலிருக்கும். எழவும், சுற்றவும், இறங்கவும் விசிறி. எதிரியைத் துரத்தும்போது இரண்டும். இரண்டும் சேர்ந்தால் மணிக்கு ஏறக்குறைய 470 மைல். ஃபுல்மாரின் 270 மைலை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

1945 பெப்ரவரி 27இல் ஜெட் பூட்டப்படாமலே, விசிறியால் மட்டும் முதன்முறை பறந்தது. ஏப்ரிலில் ஜெட்டைப் பூட்டினார்கள். சில பறப்புகள் நன்றாகவே நடந்தன. மே 8ஆந் தேதி, ஐரோப்பாவில் போர் முடிந்ததென்று உலகம் ஆர்ப்பரித்த அதே நாளில், இறங்க வந்துகொண்டிருந்த அவ்விமானம் விழுந்து நொறுங்கியது. காரணம், யந்திரத்துக்கு எண்ணெய் வந்து சேரவில்லை. ஒன்று நின்றால் மற்றொன்று காக்கும் என்று இரண்டு வைத்தவர்களுக்கு இதைவிடக் கசப்பான விடை வேறு என்ன கிடைத்திருக்கும்! இரண்டாம் விமானம் ஜூலை 9இல் பறந்தது. மூன்றாவது விரைவில் தொடர்ந்தது. வால் அமைப்பில் குறை கண்டு, கிடைச்சிறகை நெடுக்குச் சிறகின் உச்சிக்கு ஏற்றினார்கள். விமானம் மோசமானதென்று எவரும் சொல்லவில்லை. குறை அதனிடம் இல்லை. காலம் அதைவிட விரைந்து ஓடிற்று.

இனிச் சொல்லப்போவதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் இருந்தேன். அந்த விமானத்தின் வயிற்றிலிருந்த ஜெட் யந்திரம் அமெரிக்காவில் பிறந்ததன்று. ஃபிராங்க் ஹல்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் வரைந்த 'கொப்ளின்' யந்திரத்தின் அமெரிக்கப் பிரதி அது. கொப்ளினுக்கென்று இங்கிலாந்திலே ஒரு விமானம் செய்திருந்தார்கள். அதன் பெயர் வம்பயர். நமது கடலில் ஹெர்மீஸோடு முறிந்து தாழ்ந்த கப்பலின் பெயரே! கொப்ளின் என்றால் குட்டிச்சாத்தான். வம்பயர் என்றால் இரத்தம் குடிக்கும் பேய். விமானம் செய்வோருக்குப் பேய்களிடத்தே இவ்வளவு பிரீதி ஏனோ தெரியவில்லை. பெயரொற்றுமை தற்செயலே. ஆனால் நடந்த கதை தற்செயலன்று.

அக்கதைக்கு முன் இரு யந்திர விமானங்களில் மூத்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ரயன் நிறுவனத்தாரின் ஃபயர்போல் என்ற அவ்விமானம் 66 வரை கட்டப்பட்டுச் சேவைக்கும் வந்தது. 1945 நவம்பர் 6இல் வேக் ஐலண்ட் என்ற கப்பலில் இறங்க வந்தபோது ஒரு ஃபயர்போலின் விசிறி யந்திரம் செயலிழந்தது. விமானி ஜேக் வெஸ்ட் அவசரமாக ஜெட்டை எழுப்பி, அதன் பலத்தாலேயே தளத்தை அடைந்தார். பழையது காக்கும் என்று வைத்திருந்தார்கள்; புதியது காத்தது! ஜெட்டின் பலத்தால் ஒரு விமானம் கப்பலில் இறங்கியது அதுவே முதன்முறை என்பர்.

நான்கு வாரங்களுக்குள், டிசம்பர் 3இல், எரிக் பிறவுண் என்ற பிரித்தானியக் கடற்படை விமானி விசிறியே இல்லாத ஒரு வம்பயரை ஓஷன் என்ற விமானந்தாங்கியில் வேண்டுமென்றே கொண்டுவந்து இறக்கினார். பின்பு அதே தளத்திலிருந்து எழுந்தும் சென்றார். எக்ஸ்.எஃப்.15.சி தன் வயிற்றில் துணைக்கெனச் சுமந்த யந்திரத்தின் உடன்பிறப்பு, துணையேதுமின்றித் தனியே கடலைக் கடந்துவிட்டது. அமெரிக்கரும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் ஒருபுறம் இரு யந்திரத்துக்கும், மறுபுறம் முழு ஜெட்டுக்கும் பணம் கட்டியிருந்தார்கள். மக்டொனல் நிறுவனத்தின் ஃபான்டம் (இதுவும் பேய்ப் பெயரே) 1946 ஜூலை 21இல் ரூஸ்வெல்ட் என்ற கப்பலில் இறங்கி எழுந்தது. அதே ஆண்டு ஒக்டோபருக்குள் எக்ஸ்.எஃப்.15.சி கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கேட்டிஸ் தன் விமானப் பிரிவையே வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. மூன்று விமானங்களுள் கடைசியானது மட்டும் அமெரிக்காவில் அருங்காட்சிப் பொருளாக எஞ்சியிருக்கிறது.

அப்படியானால் மெதுவாகப் பதில் சொல்லும் யந்திரம் என்ற சிக்கல் என்னவாயிற்று? அது உடனே தீர்ந்துவிடவில்லை. பிறவுண் போன்ற விமானி ஊருக்கு ஒருவர்தான் இருப்பார். சிக்கலை விமானத்தில் தீர்க்க முயன்று இளைத்தபின், கப்பலைத் திருத்தினால் என்ன என்று சிலர் கேட்டார்கள். 1950களில் மூன்று மாற்றங்கள் வந்தன. மூன்றும் பிரித்தானியக் கடற்படையாரின் யோசனைகள். இறங்கும் தளத்தைச் சற்றே கோணலாக வரைந்தார்கள். கம்பியைத் தவறவிட்ட விமானம் முன்னே நிறுத்தியிருக்கும் விமானங்களில் மோதாமல், அப்படியே கடல்மேல் எழுந்து மறுபடி சுற்றி வரலாம். ஆகவே விமானி யந்திரத்தை அடக்காமல் முழுப் பலத்தோடேயே இறங்கலாம். பலம் வர விநாடிகள் எண்ணிக் காத்திருக்க வேண்டியதில்லை. கைச்சைகைக்குப் பதிலாகக் கண்ணாடியும் விளக்குமாக ஓர் அமைப்பு வந்தது. கனத்த ஜெட்டை எறிந்து ஏற்ற நீராவி விசைக்கருவி வந்தது. ஒரு கோட்டைக் கோணலாக இழுத்தது, ஓர் இரண்டாம் யந்திரத்தின் வேலையைச் செய்துவிட்டது.

இதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பின் வாங்குப் பையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப முதல்ல கட்டின ஆக்கள் மடையனுகளா சேர்?" என்று கேட்டான். இல்லை என்றேன். 1944இல் அந்தக் கோணற்கோட்டை எவரும் வரைந்திருக்கவில்லை. அன்றைய தளத்தில் இறங்க வேண்டிய விமானிக்கு அன்றைக்கே ஒரு வழி வேண்டியிருந்தது. இந்த முறை சமாளித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கு எப்படித் தோன்றியதோ!

அந்த மூன்று மாற்றங்களையும் கொண்டு 1959இல் சேவைக்கு வந்த ஒரு கப்பலுக்கு ஹெர்மீஸ் என்றே பெயரிட்டார்கள். நமது கடலில் கிடப்பதன் பெயரைச் சுமந்த அக்கப்பல் 1987இல் இந்தியக் கடற்படையில் 'விராட்' ஆகி, முப்பது ஆண்டுகள் இந்து சமுத்திரத்திலேயே உழைத்தது. 2017இல் ஓய்வு பெற்று, 2020இல் குஜராத்தின் அலாங் கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, இரும்புக்காக உடைக்கப்பட்டது.

முதல் ஹெர்மீஸை எவரும் உடைக்கவில்லை. ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் அது கிடக்கிறது. கடல் அமைதியான மாதங்களில் சுழியோடிகள் அதனிடம் இறங்கிப் போகிறார்கள். மீனவர்களுக்கு அது மீன் கூடும் இடம். வலை சிக்கும் இடமுங்கூட. அன்று முகத்துவாரத்தில் அந்த முதியவரிடம், கப்பல் எந்தப் பக்கம் என்று பையனுக்குக் காட்டச் சொன்னேன். அவர் வெளிச்சவீட்டை முதுகுக்கு வைத்து நின்று, சவளை உயர்த்திக் கிழக்கே நீட்டினார். பையன் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தான். பிறகு படகைத் தள்ளக் கை கொடுத்தான். எஞ்சின் மூன்றாம் இழுப்பிலே பிடித்தது.